மழையில் மடக்கிய குடை

என் வலது கைக்கு என்னைக் கேட்காமலே செய்யத் தெரிந்த வேலை ஒன்று உண்டு. அது இத்தனை வருடமாக எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

தெரியவந்தது போன ஜூன் மாதத்தில். பள்ளிக்கூடம் விட்டு, ஏலப்பாறையில் ட்ரிப் ஜீப் பிடித்து, முக்கில் இறங்கி நானும் மகளும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தோம். அவள் இரண்டாம் வகுப்பு. அவளிடம் பூப்போட்ட சின்னக் குடை, என்னிடம் கறுப்புக் குடை. மழை எங்கள் ஊர் மழை, காலையில் பிடித்தால் பிடித்த பிடியை விடாது. பின்னால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. நான் கான்கிரீட் ரோட்டை விட்டு இறங்கி, ஓடையோரப் புல்லில் நின்று, குடையை மடக்கித் தொடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். பிடரி வழியாக ரவிக்கைக்குள் தண்ணீர் இறங்கியது. அப்போதும் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

கார் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. புதிதாகக் கல்யாணமானவர்கள் போலிருந்தது. ஓட்டிவந்த பையன் கண்ணாடியை இறக்கி மலையாளத்தில், "சேச்சி, ஹோம்ஸ்டேக்கு ஈ வழியல்லே?" என்று கேட்டான். கேட்டவன் என் தலையைப் பார்த்தான். "அய்யோ, குட எந்தினா மடக்கியே? நனயுன்னுண்டல்லோ!"

"வண்டியில் தட்டாதிரிக்கான்" என்றேன். வண்டியில் தட்டிவிடக் கூடாதே என்று மடக்கினேனாம். அந்த இடத்தில் ஒரு லாரி போனாலும் என் குடையில் தட்டாது. பக்கத்திலிருந்த பெண், "பாவம், குட நிவர்த்து சேச்சி" என்று குடையை விரிக்கச் சொன்னாள். அந்தப் பாவம்தான் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் மழையில் போயிற்று.

கார் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். என் மகள் எனக்குப் பின்னால் அதே புல்லில் நின்றுகொண்டிருந்தாள். பூப்போட்ட குடை மடங்கியிருந்தது. பள்ளிச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நீ எதுக்குடி மடக்குன?"

"நீ மடக்குனல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்கு அந்த ஓடையிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது என்ன கூத்து என்று புரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மேனேஜரை எங்கள் லயங்களில் துரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் போய்விட்டான், பேர் போகவில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பார்த்த துரை என்னைவிடக் கறுப்பு. அவருடைய ஜீப் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நிற்க வேண்டும், குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். வெயிலென்றாலும் மடக்க வேண்டும், மழையென்றாலும் மடக்க வேண்டும். இது எந்தப் போர்டிலும் எழுதி வைத்ததில்லை. கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குடை முகத்தை மறைக்கும், துரைக்கு ஆள் தெரியாது என்பார்கள். மரியாதைக்குத்தான் என்பார்கள். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்திருந்தவர்கள் மட்டும் மடக்கக் குடையில்லாமல் சும்மா குனிந்து நிற்பார்கள்.

அந்தத் தோட்டம் மூடி எவ்வளவோ காலமாகிறது. துரை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். ஃபேக்டரியின் தகரத்தைக் காற்று கொண்டுபோயிற்று. பங்களாவில் குரங்குகள் குடியிருக்கின்றன. ஆனால் லயத்து ஆட்கள் போகவில்லை, போக இடமில்லை. தேயிலையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு அவரவர் பங்கில் கொழுந்து கிள்ளி விற்கிறார்கள். என் அக்காவும் அப்படித்தான். அம்மா போன பிறகு கொழுந்துக்கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவள் அவள். எனக்கு டீச்சர் வேலை கிடைத்த பிறகும் நான் லயத்தை விட்டுப் போகவில்லை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே கூரையைத் தொடாத அரைச்சுவர் ஒன்றுதான் இருக்கிறது. அவள் இருமினால் எனக்குத் தூக்கம் கலையும்.

நான் பள்ளிக்கூடத்தில் எடுப்பது உயிரியல். இதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. ஏனென்றால், விலங்குகளின் நடத்தை என்ற பாடம் வரும்போதெல்லாம் நான் எங்கள் லயத்து நாய்களைத்தான் உதாரணம் சொல்வேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

துரையின் ஜீப்பில் பின்னால் இரண்டு பெரிய சீமை நாய்கள் வரும். ஒருமுறை அவை குதித்து இறங்கி லயத்து நாயொன்றைக் கிழித்துப் போட்டன. அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே எங்கள் நாய்கள் விறகு அடுக்குக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடும். துரை போனார், சீமை நாய்களும் போயின. பயந்த நாய்களும் செத்து, அவற்றின் குட்டிகளும் செத்து, இப்போது இருப்பவை எத்தனையாவது ஈற்று என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் விறகு லாரி வந்தாலும் சரி, சர்ச்சிலிருந்து பாதிரியார் அச்சன் வந்தாலும் சரி, எஞ்சின் சத்தம் கேட்டதும் எல்லாம் விறகுக்கு அடியில். தாய் ஓடுகிறது, குட்டி பின்னால் ஓடுகிறது. அந்தக் குட்டி தாயாகிறது.

"பயம் போய்விட்டது பிள்ளைகளே, ஓட்டம் மட்டும் மிச்சம்" என்பேன் வகுப்பில். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிலந்திக்கு வலை பின்ன யாரும் கற்றுத்தர வேண்டாம், அது பிறவியில் வருவது என்பேன். இது அப்படியல்ல, பார்த்துப் பழகியது என்பேன். பிறகு போர்டில் ஒரு நாயை வரைவேன். வாலை இடுக்கி, காதை மடித்து, உடம்பைத் தாழ்த்தி, பார்வையைத் திருப்பிக்கொண்டு நிற்கும் நாய். பலசாலி எதிரே வந்தால் பலமில்லாதது தன்னைச் சிறிதாக்கிக் காட்டும், அது கடி வாங்காமல் பிழைக்கும் வழி என்பேன். குரங்கும் அப்படித்தான், ஓநாயும் அப்படித்தான்.

ஒரு பெண் எழுந்து, "மனுசன், டீச்சர்?" என்று கேட்டாள்.

"மனுசன் தலை குனிவான். கை கட்டுவான். துண்டை இடுப்பில் கட்டுவான். செருப்பைக் கழற்றுவான்."

இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். குடையைச் சொல்லவில்லை. அது ஞாபகத்துக்கே வரவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் கையே எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மகளின் தலையைத் துவட்டும்போது முடிவெடுத்தேன். இவள் எந்த வண்டிக்காகவும் ஓடையில் இறங்கி நனையக் கூடாது. ஊரைத் திருத்துவது என் வேலையில்லை. இந்த ஒருத்தி போதும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், ஆனால் இவள் தொட்டிலை விட்டு இறங்கி ரொம்ப நாளாகவில்லை, இன்னும் மாற்றலாம் என்று கணக்குப் போட்டேன். சொல்லித் தந்தால் நிற்காது, பார்க்க வைக்க வேண்டும். நான் நிமிர்ந்து நின்றால் அவள் நிமிர்ந்து நிற்பாள். உயிரியல் டீச்சருக்கு இது கூடத் தெரியாதா?

பஞ்சாயத்து கான்கிரீட் போட்டதிலிருந்து பங்களாவுக்கு அந்தப் பக்கம் ஹோம்ஸ்டேக்குப் போகிற கார்கள் நிறைய. ஆகவே பழகிப் பார்க்க வாய்ப்புக்குக் குறைவில்லை. அடுத்த கார் வந்தபோது குடைக்கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், திருடிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. கார் என்னைக் கவனிக்கக்கூட இல்லை, சேற்றைத் தெளித்துவிட்டுப் போயிற்று. எனக்கு ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு. மகளைப் பார்த்தேன். அவள் அரைகுறையாக மடக்கிய குடையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, எது சரி என்று தெரியாமல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மூவரும் ஏறி வந்தோம், நான், மகள், அக்கா. மழை இருந்தது. மேலிருந்து ஒரு கார் இறங்கி வந்தது. நான் குடையோடு ரோட்டோரத்தில் நின்றேன். அக்கா ஓடையில் இறங்கி, குடையை மடக்கி, மறு கையால் என் மகளின் தோளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மகளும் குடையை மடக்கினாள். அக்கா என்னைப் பார்த்து, சேலை விலகியிருப்பவளிடம் சொல்வது போல மெதுவாக, "ஏட்டி, குடைய மடக்கு" என்றாள்.

கார் தாண்டும்வரை பொறுத்தேன். பிறகு கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், அது லயம் முழுக்கத் தெரியும். ஆனால் அன்று கத்தியது கோபத்தில் மட்டுமில்லை. பூசை முடிந்து வந்த நாலைந்து பேர் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சரின் அக்கா காருக்குக் குடை மடக்குவதை அவர்கள் பார்த்தார்களே என்ற கூச்சமும் இருந்தது. அவர்களும் மடக்கியிருந்தார்கள் என்பது அப்புறம்தான் தோன்றியது.

"நாய் மாதிரி ஒதுங்கி நிக்கியே, வெக்கமா இல்லையா? யாருக்கு மடக்குத? எந்தத் தொர இருக்கான் இங்க? எம்பிள்ளையையும் எதுக்கு இழுக்க?"

நாய் என்ற சொல் வாயிலிருந்து போன பிறகு திரும்பப் பிடிக்க முடியவில்லை. அக்கா குடையை விரித்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள்.

"மடக்காம நின்னவ ஒருத்தி இருந்தா, ஒனக்கு ஞாவகம் இருக்காது" என்றாள் பிறகு. "கடேசி வீட்டுக்காரி. பிள்ளத்தாச்சி. மழைக்கு மடக்க மாட்டேன்னு நின்னா. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள்ள சந்தோசம். மறு வாரம் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாக. சட்டி பானையத் தூக்கிட்டு மலையெறங்கிக் கம்பத்துக்குப் போனாக. நான் மடக்குனேன். அதனாலதான் வீடு இருந்துச்சு. வீடு இருந்துச்சு, நீ படிச்ச."

குரலை உயர்த்தவில்லை. புத்தி சொல்கிற தொனியும் இல்லை. மனசு புண்பட்டுப் பேசினாள், அவ்வளவுதான். வழக்கமாகச் சாயங்காலம் குழம்புக் கிண்ணத்தோடு அவள் வருவாள். அன்று கிண்ணம் மட்டும் மகள் கையில் வந்தது.

அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். வகுப்பில் நான் ஒப்பித்த பாடம் இப்போதுதான் முழுதாகப் புரிகிற மாதிரி இருந்தது. பிழைத்தவற்றின் குட்டிகள்தான் மிஞ்சும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நிமிர்ந்து நின்றவள் கம்பத்துக்குப் போய்விட்டாள். அவள் வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது எங்கேயாவது நிமிர்ந்து நடக்கலாம், எனக்குத் தெரியாது. இந்த லயத்தில் மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் மடக்கியவர்களும் மடக்கியவர்களின் பிள்ளைகளும்தான். நான் படித்த படிப்பு, வாங்கிய பட்டம், போர்டில் வரைந்த நாய் எல்லாம் அக்கா நனைந்து சம்பாதித்தது. அவளைத்தான் நாய் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கமில்லை. மறுநாள் அவளுக்கு முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் தின்றுவிட்டு, "ஏலப்பாற பேக்கரியா?" என்று கேட்டாள். அத்தோடு சமாதானமாயிற்று.

இதற்குள் எனக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. ரோட்டில் நடந்தால்தானே இந்தப் பாடு, கார் வாங்கிவிட்டால்? என் கணவர் கட்டப்பனையில் ஒர்க்‌ஷாப் மெக்கானிக், வார இறுதியில்தான் வருவார். ஒரு பழைய காரைத் தேடிப் பிடித்து, எஞ்சினை அவரே பிரித்து மாட்டினார். எனக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். வெள்ளைக் கார். அக்காவிடம் சொல்லவில்லை, கொண்டுவந்து நிறுத்தி அசத்தலாம் என்று மகளும் நானும் பேசி வைத்திருந்தோம். காருக்குள் உட்கார்ந்து வளர்கிறவள் எவனுக்கும் குடை மடக்க வேண்டியதில்லை என்று என் கணக்கு. பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாகவே நினைத்தேன்.

கட்டப்பனையிலிருந்து முதல்முறையாக நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். மகள் முன் சீட்டில். முக்கில் திரும்பி லயத்து ஏற்றத்தைப் பிடித்தபோது மழை வலுத்தது. வைப்பர் போய்ப் போய் வந்தது. அது துடைத்த இடத்தில் மூன்று பெண்கள் தெரிந்தார்கள். முதுகில் கொழுந்து மூட்டை, கையில் குடை. என் வண்டிச் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஓடையில் இறங்கினார்கள். மூன்று குடையும் மடங்கின. மூன்று தலையும் குனிந்தன. நடுவில் நின்றது அக்கா.

என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்கிறேன். எனக்கு நன்றாக இருந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. அவள் அக்கா என்று தெரிந்தும், அந்த ஈரத்தலையில் மழை கொட்டுவதைப் பார்த்தும், உள்ளே இதமாக ஏதோ ஒன்று பரவியது. முதுகு தானாகச் சீட்டில் நிமிர்ந்தது. ரோடு எனக்காக ஒதுங்கியது போல, மலையே எனக்காக ஒதுங்கியது போல இருந்தது. துரைக்கு இதுதான் தினமும் கிடைத்திருக்கிறது. அவர் ஏன் அந்தப் பழக்கத்தை நிறுத்தவில்லை என்று அப்போது தெரிந்தது. குனிவது மட்டும்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். இதுவும் சேர்ந்தே வந்திருக்கிறது. அதற்கான வண்டி வரும்வரை எங்கோ பதுங்கிக் கிடந்திருக்கிறது.

நான் நிறுத்தவில்லை.

"அம்மா! பெரியம்மா நமக்குக் குடை மடக்குனாங்க!" மகள் சீட்டில் முழங்காலிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் "உக்காருடி" என்று அதட்டினேன்.

லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். எங்கள் கையில் சோறு தின்று வளர்ந்த பழுப்பு நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வரும் என்று பார்த்தால், அது விறகு அடுக்குக்கு அடியில் இருந்தது. கூப்பிட்டேன். என் குரலும் வேண்டும், எஞ்சின் சத்தமும் வேண்டாம் என்று அங்கேயே முனகிக்கொண்டு கிடந்தது.

அக்கா வந்து சேர்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, காரைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாயில் கையை வைத்தாள். "ஏட்டி, நீயா! நான் ஹோம்ஸ்டேக்காரன்னுல்ல நெனச்சேன்!" காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கதவைத் தடவிப் பார்த்தாள். மகளை வாரி எடுத்து முத்தமிட்டாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "எங்களப் பாக்கலையா நீ? நிறுத்தியிருந்தா மூட்டையோட ஏறியிருப்போம்லா."

"பாத்தேன்க்கா. ஏத்தத்துல நிறுத்துனா வண்டி பின்னால போயிரும்னு பயம்."

"அது சரி, புதுசா ஓட்டுதவ" என்று நம்பிவிட்டாள். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டப் போனாள். என் கணவர் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் காரில் புறப்பட்டோம். மழை விட்டபாடில்லை. இன்றைக்கு அக்காவைப் பார்த்தால் நிறுத்தி ஏற்றிக்கொள்வேன், அவள் பாத்திவரை கொண்டுபோய் விடுவேன் என்று இரவெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அதுதான் அவளிடம் கேட்காத மன்னிப்பு. மகள் பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

வளைவில் அக்கா நடந்து போய்க்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். இப்போது அவளுக்குக் காரைத் தெரியும், ஓட்டுவது யாரென்றும் தெரியும். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். மறு கை குடையை மடக்கிவிட்டிருந்தது. கால் ஓடையில் இறங்கியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியை இறக்கினேன். அவளை ஏறச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வெட்கமும் எரிச்சலுமாக, "குடையப் பிடி!" என்று கத்தினேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. உடனே பிடித்தாள்.

பின்சீட்டிலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.